கால் கட்டை தூரம்

அடையாற்றுப் பாலத்தின் நடுவில் வந்து மாடுகள் நின்றுவிட்டன. வண்டிக்காரன் கபாலி வாலை முறுக்கிப் பார்த்தான். நாக்கை மடித்துச் சத்தம் கொடுத்துப் பார்த்தான். பிறகு குதித்து இறங்கி, வைக்கோல் பரப்பிக் கயிறு போட்டுக் கட்டியிருந்த பியானோவை மேலும் கீழும் பார்த்தான்.

“இன்னா சாமி, உள்ள கருங்கல்லா அடுக்கி வச்சிக்கீற? மேசைன்னு சொல்லித்தானே கூட்டாந்த?”

“மேஜைன்னு நான் சொல்லலை. மேஜை மாதிரி இருக்கும்னு சொன்னேன்,” என்றான் ஸ்ரீரங்கன். அவன் தன் குடையைப் பியானோவுக்குப் பிடித்துக்கொண்டு, தான் வெயிலில் நடந்து வந்துகொண்டிருந்தான்.

“மாதிரியாம். மாட்டுக்கு இன்னா தெரியும், மேசையா மேசை மாதிரியான்னு? அதுக்குக் கனம்தான் தெரியும்.”

மெஹபூப் அலிக்குச் சிரிப்பு வரவில்லை. சாக்ஸபோன் பெட்டி அவன் இடது கையில் இருந்தது. வலது கை விரல்கள் தொடையின் மேல் எழும்பி எழும்பி அமர்ந்துகொண்டிருந்தன. காலையிலிருந்து அப்படித்தான். திருவல்லிக்கேணியில் வீட்டு வாசலுக்கும் தெருமுனைக்கும் ஏழெட்டு முறை நடந்தான். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தவன் பாதியில் எழுந்து கை கழுவினான். மணி நாலு இருக்கும். கச்சேரி ஆறு மணிக்கு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மரங்களுக்கு இடையில் கிளப்பின் சிவப்பு ஓட்டுக் கூரை தெரிந்தது. கூப்பிடு தூரம். அங்கே ஒரு பெரிய ஜெர்மன் பியானோ இருக்கிறது என்று கிளப்பிலிருந்து வந்த கடிதத்திலேயே எழுதியிருந்தது. அப்படியிருந்தும் மயிலாப்பூரிலிருந்து இந்தப் பழைய பியானோவை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வரவேண்டும் என்று ஸ்ரீரங்கன் ஒற்றைக் காலில் நின்றான். கேட்டால், பழகின பியானோ வேண்டும் என்றான். சிலருக்கு வெளியூர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. அதுபோல இவனுக்கு ஒன்று என்று மெஹபூப் விட்டுவிட்டான்.

“ஐயங்காரே, இத்த இங்கயே ஆத்துல தள்ளிட்டு நாம நடந்து போயிடலாமா?” என்றான்.

“தள்ளும். கூடவே என்னையும் தள்ளும்.”

சொல்லிவிட்டு ஸ்ரீரங்கன் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. மாடுகள் தாமாக நடக்கத் தொடங்கின.

மெஹபூப் பன்னிரண்டு வயதிலிருந்து ஊதுகிறவன். மாமு சர்தாரின் பாண்டு கோஷ்டியில் முதலில் கிளாரினெட். கல்யாண ஊர்வலம், கந்தூரி ஊர்வலம், சினிமாக் கொட்டகைக்காரர்கள் புதுப் படத்துக்கு நோட்டீஸ் வினியோகிக்கும் ஊர்வலம். இருபது வருஷமும் நடந்துகொண்டே ஊதியதில், நின்று ஊதினால் மூச்சு எங்கோ தட்டியது. கோஷ்டியின் வாத்தியங்கள் அத்தனையும் பரங்கிமலைப் பட்டாளத்துச் சொத்து. பட்டாளம் தன் பாண்டு வாத்தியங்களை மொத்தமாகக் கழித்துக்கட்டியபோது மாமு ஒரு வண்டி நிறைய அள்ளிக்கொண்டு வந்தார். அந்தக் குவியலில்தான் இந்த சாக்ஸபோனும் இருந்தது. ஒரு கீறல்கூட இல்லாமல் வெள்ளி மெருகோடு இருந்த வாத்தியத்தைப் பட்டாளம் ஏன் வேண்டாம் என்று சொன்னது என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. “ஹுக்காவுக்கு வாய் முளைச்ச மாதிரி கீது, உனக்கு வேணுமாடா?” என்று மாமு கேட்டார். அவன் எடுத்துக்கொண்டான். ஆறு மாதம் கடற்கரை மணலில் நடந்து நடந்து, அதை அழவைக்கவும் சிரிக்கவைக்கவும் கற்றுக்கொண்டான்.

ஸ்ரீரங்கன் ஒரு ஊமைப்படக் கொட்டகையில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தான். திரையில் குதிரை ஓடினால் இவன் விரல் ஓடும். கதாநாயகி விழுந்தால் இவனும் கீழ்ச் சுரத்தில் விழுவான். ஒருநாள் நோட்டீஸ் ஊர்வலம் கொட்டகை வாசலில் வந்து கலைந்தபோது அவன் உள்ளேயிருந்து ஓடி வந்தான். “அது என்னங்காணும் வாத்தியம், மனுஷன் தொண்டை மாதிரி?” என்று கேட்டான். பழக்கம் அங்கே ஆரம்பித்தது. அந்த மாதமே கொட்டகைக்குப் பேசும்படம் காட்டும் டாக்கி மிஷின் வந்தது. ஒலிபெருக்கி வைக்க மூலை வேண்டும், பியானோவைக் கொண்டுபோய்விடு என்றார் முதலாளி. பியானோ மயிலாப்பூருக்கு, சித்திரைக் குளத்தருகே ஸ்ரீரங்கனின் முன்னறைக்கு வந்தது. இருவரும் சேர்ந்து வாசித்துப் பார்த்த முதல் நாள் ஒன்றுமே ஒட்டவில்லை. “வண்டியில வந்ததுல பியானோ சுருதி எறங்கிடுத்து. ஒரு வாரம் கழிச்சு வாரும்,” என்றான் ஸ்ரீரங்கன். ஒரு வாரம் கழித்துப் போனபோது இரண்டும் பாலும் நீருமாகக் கலந்தன. அன்று மெஹபூப் அந்தச் சின்ன அறையில் நாலு எட்டு முன்னால், நாலு எட்டு பின்னால் என்று விளக்கு வைக்கும்வரை நடந்துகொண்டே ஊதினான்.

அதன்பிறகு இரண்டு வருஷம், ஊர்வலம் இல்லாத மாலைகள் எல்லாம் அந்த அறையில்தான். மூர் மார்க்கெட்டில் பழைய ஜாஸ் ரிக்கார்டுகளை வாங்கி வருவார்கள். லேபிள் தேய்ந்தும் கிழிந்தும் போன ரிக்கார்டுகள். பெயர் தெரியாததால் தாங்களே பெயர் வைத்தார்கள். ஒரு மெட்டுக்கு ரயில் என்று பெயர். ஒன்று மொட்டை. மெதுவாக அசைந்து போகும் ஒன்றுக்கு அரைத்தூக்கம். மெஹபூப் ரிக்கார்டோடு சேர்ந்து ஊதிப் பார்த்தால் சேராது. ஸ்ரீரங்கன் கிராமபோன் வேகத்தைத் திருகித் திருகிக் கூட்டுவான், சேர்ந்துவிடும். “ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு,” என்பான். மாதத்துக்கு ஒரு தரம் பியானோவில் ஒரு தந்தி பட்டென்று அறுந்து போகும். “கடல் காத்து, உப்பு,” என்பான். அவனே சாவி போட்டு முறுக்கிப் புதுத் தந்தி கட்டுவான்.

இன்று கச்சேரி கேட்கக் கொழும்பிலிருந்து ஒரு ஹோட்டல் மானேஜர் வருகிறார். அவருடைய சாப்பாட்டுக் கூடத்தில் வருஷம் முழுவதும் வாசிக்க இரண்டு பேர் போதும், ஆனால் நல்ல இரண்டு பேர் வேண்டும் என்று சொல்லியிருந்தார். மாமு ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். “வெள்ளிக்கெயம ஜாம்பஜார் நிக்காஹ்வுக்கு வரிசைல நீ நின்னா நில்லு. இல்லேன்னா உன் எடத்துல ஷாஹுல் ஹமீது நிப்பான். ஒரு மனுசனுக்கு ரெண்டு ஊர்வலம் கெடையாது.” மனைவி அஸ்மத்துன்னிசா கத்திரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாண்டு கோஷ்டியின் சிவப்புக் கோட்டிலிருந்து பித்தளைப் பொத்தான்களை வெட்டி எடுத்துவிட்டு, பெரிய அண்டாவில் கறுப்புச் சாயம் காய்ச்சி அதை முக்கி எடுத்துக் கொடுத்தாள். அதை அவனுக்குப் போட்டுவிடும்போது மட்டும், கொழும்பில் மழை அதிகமாமே என்று உருதுவில் கேட்டாள். தையல் ஓரங்களில் சாயம் ஏறவில்லை. கையைத் தூக்கினால் அக்குளில் சிவப்பு தெரிந்தது.

கிளப் செக்ரட்டரி சங்கரன் வாசலிலேயே நின்றிருந்தார். வெள்ளைக் கால்சட்டை, கையில் ஒரு பூந்தொட்டி. வண்டியைப் பார்த்ததும் தொட்டியைக் கீழே வைத்தார்.

“என்ன மிஸ்டர் ஸ்ரீரங்கன் இது?”

“என்னோட பியானோ சார்.”

“அது தெரியறது. இங்கே ஏன் வந்திருக்கு?”

“இதுல வாசிச்சாத்தான் சார்... கை பழகிப்போச்சு.”

சங்கரன் வண்டிக்கு அருகில் போய்க் குனிந்து பார்த்தார். கொட்டகையில் யாரோ பீடி வைத்துத் தீய்த்த தழும்புகள் மூடியின் மேல் வரிசையாக இருந்தன. ஒரு காலுக்குத் தேங்காய் நார்க் கயிறு சுற்றியிருந்தது.

“மெம்பர்ஸ் எல்லாரும் சேர்ந்து போன வருஷம்தான் புதுசு வரவழைச்சோம். அதை மூடி வச்சுட்டு இதைத் தூக்கி மேடையில வச்சா என்னை என்ன கேப்பா? மூட்டைப்பூச்சி வேற இருக்கும்.”

“சார், ஒரே ஒரு மணி நேரம். நானே தள்ளிண்டு வந்து, நானே திரும்ப... ஒரு கீறல் விழாம...” ஸ்ரீரங்கன் கைகூப்பிவிட்டான். அவன் யாரையும் கும்பிட்டு மெஹபூப் பார்த்ததில்லை. கொட்டகை முதலாளி போ என்றபோதுகூடத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தவன்.

“காரணம் சொல்லுங்கோ. காரணம் இருந்தா கேக்கறேன்.”

ஸ்ரீரங்கன் வாயைத் திறந்தான். திரும்பி மெஹபூப்பைப் பார்த்தான். திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

மெஹபூப்புக்கு வெட்கமாக இருந்தது. இதற்குள் மூன்று கார்கள் வந்து நின்றுவிட்டன. இறங்கியவர்கள் வண்டியையும் மாட்டுச் சாணத்தையும் சுற்றிக்கொண்டு போனார்கள்.

“உட்டுத் தள்ளு ஐயங்காரே. பெருசா நல்லதா ஒண்ணு குடுக்கறாங்க, வாணாங்கறியே,” என்றான். “அதுலயே வாசி. கை இன்னா, கட்டைக்குக் கட்டை மாறவா போவுது?”

ஸ்ரீரங்கன் குடையை மடக்கி வண்டியில் வைத்தான். முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று கிணற்றுப் பக்கம் போனான். கபாலி மாடுகளை அவிழ்த்துப் புளியமரத்தடியில் கட்டினான். “அப்ப இத்த எறக்கவே வாணாமா? தோ பாரு, சும்மா காத்து வாங்க வந்துக்கீது மகாராணி,” என்று பியானோவின் மேலேயே சாய்ந்து உட்கார்ந்தான்.

கூடம் காலியாக இருந்தது. மரத்தரை. வரிசையாகப் பிரம்பு நாற்காலிகள். மேற்கு ஜன்னல்களின் வழியாக ஆற்றின் வெளிச்சம் உத்தரத்தில் நெளிந்துகொண்டிருந்தது. மேடையில் அந்த ஜெர்மன் பியானோ கறுப்பாகப் படுத்திருந்தது. மெஹபூப் பெட்டியைத் திறந்து வாத்தியத்தைப் பூட்டினான். காத்திருக்க முடியாததால்தான் ஊதினான். வழக்கமாக ஸ்ரீரங்கனின் அறையில் இருவரும் சுருதி சேர்த்துக்கொள்ளும் அந்தச் சுரம். நடுவிலிருக்கும் வெள்ளைக் கட்டை ஒன்றை அழுத்திவிட்டு, அதையே ஊதினான்.

சேரவில்லை.

மறுபடி அழுத்தினான். மறுபடி ஊதினான். அவனுடைய சுரம் மேலே நின்றது. அரைக் கட்டை தள்ளியிருக்கும் பக்கத்துக் கறுப்புக் கட்டையை அழுத்தினான். அது இவனைத் தாண்டி மேலே போயிற்று. இரண்டு கட்டைகளுக்கும் நட்ட நடுவில், இடமே இல்லாத இடத்தில், அவன் நின்றுகொண்டிருந்தான். ஒரு கணம் பயந்தான். பிறகு சிரிப்பு வந்தது. இவ்வளவு பெரிய பியானோ, சுருதி தப்பு. இதைத் தெரிந்துதான் ஐயங்கார் தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். பணக்காரர்களிடம் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

முகத்தில் ஈரத்தோடு ஸ்ரீரங்கன் கதவருகே நின்றிருந்தான்.

“இன்னா ஐயங்காரே, இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? இது கால் கட்டை எறங்கிக் கெடக்குது. கபாலிய கூப்புடு, நம்மள்து உள்ள வரட்டும். நான் பேசறேன் அந்தாளாண்ட.”

ஸ்ரீரங்கன் மேடைக்கு வந்தான். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டினான். இரண்டு கிளையாகப் பிரிந்த சின்ன எஃகுத் துண்டு. ட்யூனிங் ஃபோர்க். தட்டினால் ஒரே ஒரு சுரம் மட்டும் சொல்லும். வெயிலிலும் மழையிலும் மாறாது. அவன் பியானோவுக்குத் தந்தி கட்டும்போது அதைக் காதில் வைத்துக்கொள்வதை மெஹபூப் பார்த்திருக்கிறான். தொட்டதில்லை.

மெஹபூப் அதை வாங்கி முழங்காலில் தட்டிக் காதருகே வைத்தான். வெள்ளைக் கட்டையை அழுத்தினான். இரண்டும் ஒன்று. நூலளவுகூட இடைவெளி இல்லை.

ஊத வேண்டிய அவசியம் இல்லை. இருந்தாலும் ஊதினான். மேலே நின்றது அவன் வாத்தியம்தான்.

வெளியே யாரோ நாற்காலிகளை எண்ணும் சத்தம் கேட்டது. மெஹபூப் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு மேடை விளிம்பில் உட்கார்ந்தான். பட்டாளம் ஏன் அத்தனையையும் ஒரே நாளில் கழித்துக்கட்டியது என்று இப்போது புரிந்தது. உலகம் முழுக்க ஒரே புதுச் சுருதிக்கு இறங்கிவிட்டது. பழைய சுருதியை வண்டியில் ஏற்றித் திருவல்லிக்கேணிக்கு அனுப்பிவிட்டார்கள். கோஷ்டியில் எல்லோரும் அதே குவியலிலிருந்து எடுத்து ஊதியதால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

“எப்பத்துலருந்து தெரியும்?”

“முதல் நாள்லேர்ந்து.”

“தந்தி அறுந்துது. உப்புன்னே.”

“ஏத்திக் கட்டினா அறும். பழைய பியானோ, தாங்காது.”

“கிராமபோன் ஸ்பிரிங்கு?”

ஸ்ரீரங்கன் தலை குனிந்தான்.

மெஹபூப் எழுந்து நடந்தான். ஜன்னல்வரை போனான், திரும்பினான், மறுபடி ஜன்னல்வரை போனான். கோபம் எங்கே பிடித்து நிற்பது என்று தெரியாமல் அவனுக்குள் அலைந்தது. இரண்டு வருஷம் அந்த அறையில் எவ்வளவு துணிச்சலாகத் தாவியிருக்கிறான். எங்கே குதித்தாலும் கீழே பியானோ இருந்தது. தன் காது அப்படி, தன் மூச்சு அப்படி என்று நினைத்துக்கொண்டு, பல நாள் மயிலாப்பூரிலிருந்து திருவல்லிக்கேணிவரை ஒருவரிடமும் பேசாமல், பேசினால் கொட்டிவிடும் என்பதுபோல நடந்து போயிருக்கிறான். ஒவ்வொரு முறையும் ஒருவன் முன்னால் போய்த் தரையைத் தூக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறான்.

“ஏன் சொல்லல?”

“சொன்னா நீர் என்ன பண்ணியிருப்பீர்? அதைக் கொண்டுபோய் உம்ம மாமு காலடியில வச்சுட்டு அந்த ஊர்வலத்துலேயே கரைஞ்சு போயிருப்பீர். வேற வாத்தியம் வாங்க நம்ம ரெண்டு பேராலயும் ஆகுமா? அப்பறம் நான் யாரோட வாசிக்கறது? டாக்கியோடயா?”

“அத நான் முடிவு பண்ணிருப்பேன்.”

“ஆமாம்.”

“என்னிய கொழந்தையாட்டம் இடுப்புல தூக்கி வச்சிகினு நடந்துக்கீற ஐயங்காரே. ரெண்டு வருசம். நான் நடக்கறேன்னு நெனச்சிகினு இருந்தேன்.” நின்றான். “சரி, கொழும்புக்கு? கப்பல்ல ஏத்திகினு வருவியா இத்த?”

ஸ்ரீரங்கன் நிமிர்ந்து பார்த்தான். “விசாரிச்சேன்,” என்றான் மெல்ல. “மூட்டைக் கணக்குல ஏத்தலாமாம்.”

இந்த இடத்தில் இருவரும் சிரித்திருக்கலாம். சிரிப்பு மிக அருகில் வந்துவிட்டு, யாரும் கதவைத் திறக்காததால் திரும்பிப் போயிற்று.

“வெள்ளிக்கெயம மாமுவோட வரிசைல நிப்பேன்,” என்றான் மெஹபூப். “இன்னிக்கு ஒத்துக்கினு வந்தாச்சு, ஊதிட்டுப் போறேன். இதோட சரி.”

ஆறு மணிக்கு நாற்காலிகள் ஏறக்குறைய நிரம்பியிருந்தன. வெள்ளைக்காரர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். மற்றவர்கள் வக்கீல்களும் டாக்டர்களும் அவர்கள் மனைவிமார்களும். முதல் வரிசையில் ஓரமாக, முழங்கால்மேல் தொப்பி வைத்துக்கொண்டு கொழும்பு மானேஜர். சங்கரன் பூந்தொட்டியைப் பியானோவின் மேல் வைத்துவிட்டு இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசினார். இரண்டாம் வரிசையில் ஒரு பட்டுப் புடவை இன்னொரு பட்டுப் புடவையிடம் சாக்ஸபோனின் வளைவைக் காட்டி, “நாதஸ்வரத்துக்கு ஜன்னி கண்ட மாதிரின்னா இருக்கு,” என்றது.

ரயிலில் தொடங்கினார்கள். மெஹபூப் ஊதுமுனையை வெளியே இழுத்து, நழுவாமல் இருக்கக் காகிதம் சுற்றி, வாத்தியத்தை அரை விரல் நீளமாக்கியிருந்தான். நீளமானால் சுருதி இறங்கும். ஆனால் எல்லாச் சுரமும் ஒன்றுபோல இறங்குவதில்லை. கீழே சேர்ந்தது மேலே கசந்தது. ஒவ்வொன்றையும் உதட்டைத் தளர்த்தி, தாடையைக் கீழே விட்டு, கெஞ்சிக் கெஞ்சி இறக்க வேண்டியிருந்தது. நடக்க முடியவில்லை. நின்ற இடத்தில் வேர்த்தது. கழுத்தில் வழிந்த வேர்வையைத் துடைத்தபோது கையில் கறுப்பு ஒட்டியது. ஸ்ரீரங்கன் பியானோவின் குரலைத் தாழ்த்தி, கூடியவரை குறைவாக, ஒரு நோயாளியின் அறையில் நடமாடுகிறவன் மாதிரி வாசித்தான். அதுதான் இன்னும் தாங்கவில்லை. இங்கேயும் தூக்கிக்கொண்டு போகிறான். ரயில் எப்படியோ ஊர் போய்ச் சேர்ந்தது. கைகளைத் தட்டினார்கள், மரியாதைக்கு. கொழும்பு மானேஜர் தொப்பியின் பட்டையை விரலால் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தார்.

அடுத்தது மொட்டை. இரண்டு வரி போவதற்குள் மானேஜர் எழுந்தார். அவசரப்படாமல், யார் காலையும் மிதிக்காமல், பக்கத்துக் கதவு வழியாக வராந்தாவுக்குப் போனார். அவர் நாற்காலியில் தொப்பி இல்லை. கையோடு எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

மெஹபூப் நிறுத்தினான்.

பியானோ இன்னும் ஒரு வரி போய், தனியாக இருப்பதை உணர்ந்து நின்றது. புளியமரத்தடியிலிருந்து மாட்டு மணிச் சத்தம் கேட்டது. சங்கரன் நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டார். மெஹபூப் குனிந்து காகிதத்தை உருவிக் கீழே போட்டான். ஊதுமுனையை உள்ளே அழுத்தித் திருகினான், இருந்த இடத்துக்கு, பட்டாளத்துக்காரன் செய்து வைத்த இடத்துக்கு. கொழும்பு போயிற்று. வெள்ளிக்கிழமை இருக்கிறது. இங்கே இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது. அதில் யாருக்காகவும் எதையும் இறக்க வேண்டியதில்லை.

மொட்டையின் முதல் வரியைத் தன்னுடைய உயரத்தில் ஊதினான். முழு மூச்சோடு. கால்கள் நகர்ந்தன, மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தான், திரும்பினான். வரி முடிந்ததும் வாயை எடுத்துவிட்டு நின்றான். ஸ்ரீரங்கனைப் பார்க்கவில்லை. ஆனால் காத்திருந்தான். அது எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. யாரோ இருமினார்கள்.

பிறகு பியானோ அதே வரியைச் சொன்னது. கால் கட்டை கீழே. மெல்ல அல்ல, கொட்டகையில் குதிரை ஓடும்போது வாசிப்பானே, அப்படி. தன்னுடைய தரையில் நின்று, முரட்டுத்தனமாக.

முன்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அது கேலியா சந்தோஷமா என்று மெஹபூப்புக்குத் தெரியவில்லை. அடுத்த வரியை ஊதினான், குத்தலாக, வம்புக்கு இழுப்பதுபோல. நிறுத்தினான். பியானோ பதில் சொன்னது. ஒருவன் பேசும்போது மற்றவன் தொடவில்லை. நடுவில் ஒவ்வொரு முறையும் ஒரு மௌனம் விழுந்தது. சில சமயம் சின்னது, சில சமயம் கூடத்தில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு நீண்டது. அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் இருந்துகொண்டு சுவருக்கு மேலாகச் சண்டை போடுகிற மாதிரி இருந்தது. சண்டைதான். பியானோ ஒன்றை மறைத்ததைப் பற்றிச் சொல்லிற்று. சாக்ஸபோன் நம்பவில்லை. பியானோ தந்தி தந்தியாக எண்ணிக் காட்டியது. மெஹபூப் இந்த மாதிரி ஊதியதே இல்லை. கீழே ஏந்திக்கொள்ள யாரும் இல்லை என்று தெரிந்தே தாவினான். வராந்தாவில் சுருட்டு நெருப்பு ஒன்று கதவுக்கு அந்தப் பக்கம் மங்கி, சிவந்து, மங்கியது. மானேஜர் கேட்கிறாரா, வண்டிக்குக் காத்திருக்கிறாரா என்று சொல்ல முடியவில்லை.

கடைசியாக அரைத்தூக்கம். ஜன்னல்களில் வெளிச்சம் சாம்பல் நிறமாகியிருந்தது. அதையும் மாறி மாறியே வாசித்தார்கள். சண்டை தணிந்துவிட்டதா, களைத்துவிட்டதா, தெரியவில்லை. மௌனங்கள் நீண்டன. இரண்டாம் வரிசைப் பட்டுப் புடவைகள் இப்போது பேசவில்லை. மெட்டு கடைசி வரிக்கு வந்தது. முடிக்கிற சுரம் எப்போதும் பியானோவுடையது. மெஹபூப் தன் வரியை ஊதி, அதன் இறுதிச் சுரத்தில் வந்து நின்றான். இப்போது வாயை எடுக்க வேண்டும். எடுத்தால் ஸ்ரீரங்கன் முடிப்பான். முடிந்தால் கைதட்டுவார்கள், பெட்டியைப் பூட்டலாம், போகலாம்.

அவன் எடுக்கவில்லை.

சுரம் நின்றுகொண்டே இருந்தது. ஸ்ரீரங்கனின் விரல் கட்டைக்கு மேலே வந்து, தொடாமல், காத்திருந்தது. மெஹபூப்பின் மூச்சு எவ்வளவு நேரம் வரும் என்று அவனுக்குத் தெரியும்; இரண்டு வருஷமாக எண்ணியிருக்கிறான். ஸ்ரீரங்கன் கிணற்றடிக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து மெஹபூப் அவன் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தான். மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்கள் எதையோ கேட்டன. மெஹபூப் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஊதிக்கொண்டிருந்தான்.

ஸ்ரீரங்கன் விரலை இறக்கினான்.

இரண்டு சுரங்களும் அதனதன் உயரத்திலேயே முதல் முறையாக ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. சேரவில்லை. உரசின. உரசிய இடத்திலிருந்து மூன்றாவதாக ஒன்று எழுந்தது. யாரும் ஊதாதது, யாரும் அழுத்தாதது. வேகமாகத் துடித்தது அது, ஓடி வந்து நின்றவனின் நெஞ்சைப்போல. மெஹபூப்புக்கு அது பல்லில் தெரிந்தது. பியானோவின் சுரம் தேய்ந்துகொண்டு வந்தது. ஸ்ரீரங்கன் மறுபடி அழுத்தினான். மறுபடி தேய்ந்தது, மறுபடி அழுத்தினான். மெஹபூப் உதட்டைத் தளர்த்தவில்லை. கூடத்தில் யாரும் அசையவில்லை. பியானோவின் மேல் சங்கரன் வைத்திருந்த பூந்தொட்டியில் செடியின் இலைகள், காற்றே இல்லாமல், ஒவ்வொன்றாக நடுங்கத் தொடங்கின.